நிறுவத் தேவையில்லை

வெள்ளவத்தையில் எனக்கென்று ஒரு கொம்பியூட்டர் இல்லை.
சாவிக்கொத்தில் பதினாறு ஜிபி தொங்குகிறது.
அதன் மூடி எங்கோ விழுந்துவிட்டது;
நீலப் பேனையின் மூடியை வெட்டிச் செருகியிருக்கிறேன்.

இராமகிருஷ்ணா வீதி முனையில் ஒரு கொமினிகேஷன்,
அங்கே இடமில்லையென்றால்
155இல் ஏறிக் கொட்டாஞ்சேனை,
ரிஸ்மியின் போட்டோக்கொப்பிக் கடை.
எந்த மெஷின் சும்மா கிடக்கிறதோ
அது மணிக்கணக்கில் என் கந்தோர்.

செருகியதும் முதலில் வைரஸ் தேடுவது எழும்பும்.
ரிஸ்மியின் கடையில் அதற்கு ஓய்வில்லை:
கோப்புறைகளையெல்லாம் குறுக்குவழியாக்கும் ஒன்று
வாடகை கொடாமல் அங்கே வருசக்கணக்காய்க் குடியிருக்கிறது.
பிறகு எழுதுவதற்கொன்று,
பீடிஎஃப்களை ஒட்டுவதற்கொன்று,
கடவுச்சீட்டு அளவுக்கு முகங்களைச் சுருக்குவதற்கொன்று.
பிறகு
பாமினியை யுனிகோட்டாக்கும் அந்தச் சின்னச் சாமான்.
அது இல்லாவிட்டால்
யாரோ பத்து வருசத்துக்கு முன் அடித்த அம்மா
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்
என்று திரையில் கிடப்பாள்.

இவை எதையும் நிறுவத் தேவையில்லை.
வந்த இடத்தில் ஓடும்,
கழற்றினால் போய்விடும்,
மெஷினின் பதிவேட்டில் ஒரு வரியும் விழாது.
எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் உண்டு.
இந்த நகரத்தில் ஐந்து அனெக்ஸ் மாறியிருக்கிறேன்.
ஒவ்வொன்றிலும் பதிவு இருந்தது:
பெயர், சொந்த இடம், வந்த நோக்கம்,
பொலிஸ் முத்திரையோடு இரண்டு பிரதி.
ஒருமுறை லொட்ஜுக்காரரிடம்
வந்த நோக்கம் வேலை என்றேன்.
என்ன வேலை என்றார்.
மற்றவர்களுடைய விண்ணப்பங்களை நிரப்புவது என்றேன்.
அவர் 'ஏனையவை' என்று எழுதினார்.

'இப்போது பாதுகாப்பாக அகற்றலாம்'
என்று மூலையில் வரும்வரை காத்திருப்பேன்.
சில லொட்ஜுகளில் சில விடியல்களில்
அப்படி யாரும் காத்திருக்கவில்லை.
அது வேறு கதை, இங்கே இடம் போதாது.

போன செவ்வாய்
சாவிகள் சீபியூவில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டதால்
கொத்திலிருந்து அதைக் கழற்றிச் செருகினேன்.
சாவிகள் வீட்டுக்கு வந்தன.
அது வரவில்லை.

இரவு பத்தரைக்குத்தான் தெரிந்தது.
மென்பொருள் போனால் போகட்டும்,
நாளைக்கே திரும்ப இறக்கலாம்.
என் கடவுச்சொற்களுக்குப் பெட்டகம் உண்டு, பூட்டும் உண்டு.
ஆனால்
'பத்மசொரூபன் கனடா',
'டிலக்ஷனா நர்சிங்',
'மரியநாயகம் பென்ஷன் இரண்டாம்தரம்':
அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம்,
பிறப்பு, விவாகம், ஒரு மரணம்,
எல்லாம் திறந்து கிடந்தன.
நேரமில்லை என்று நான் பூட்டவில்லை.
நேரம் இருந்தது. பஞ்சியில் விட்டேன்.
கடல் பக்கத்து ரயில் கடைசியாய்ப் போனபோதும்
மரியநாயகத்தின் கைநாட்டு
என் கண்ணுக்குள் நின்றது.

காலை எட்டுக்கு ரிஸ்மி எடுத்தான்.
மேலே முதலாவதாய் நிற்கட்டும் என்று
மூன்று பூச்சியத்தில் பெயர் தொடங்கிய கோப்பு ஒன்று,
'கண்டெடுப்பவருக்கு',
அதில் என் நம்பரைப் பார்த்திருக்கிறான்.
"மிஸ், நான் ஒண்டும் பாக்கல்ல.
அந்தப் போட்டோ சுருக்குற சாமான் மட்டும்
கொப்பி பண்ணின. கோவமா?"
"இல்லை," என்றேன்.
"பாமினி மாத்துறதையும் எடு."
"அத நேத்தே எடுத்திட்டன்."

வாங்கிவந்து முதலில் ஆட்களைப் பூட்டினேன்.
இன்னொரு பிரதி செய்து அலுமாரியில் வைத்தேன்.
பூட்டையும் நம்பாமல்
கண்டெடுப்பவருக்கான கோப்பைத் திறந்து
நம்பருக்குக் கீழே இரண்டு வரி சேர்த்தேன்:

மென்பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள்.
ஆட்களைத் திருப்பித் தாருங்கள்.