கருத்து எண் ஏழு

வரைபடம் பூசானிலிருந்து வந்திருக்கிறது.
நாயுடுபுரத்தில் மூன்று மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
வெளியே ஏற்றத்தில் திணறும் லாரி
கேரட் கழுவிய தண்ணீரைச் சாலையெல்லாம் சிந்திப் போகிறது.

கடலை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.
வேளாங்கண்ணியில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு.
அப்புறம் இந்த வேலையின் நேர்காணலுக்குப் போன சென்னையில்,
ஆட்டோவை நிறுத்தி, ஏழு நிமிடம்.
ஆனாலும் நான் ஒப்பாமல்
அந்தக் கப்பலில் ஒரு சிலிண்டரும் ஏறாது.

கணக்கு கடினமில்லை.
பெரிய எஞ்சின் அறையின் கொள்ளளவில் நூற்றுக்கு நாற்பது.
ஒரு கிலோ கரியமில வாயு விரிந்தால்
அரைக் கன மீட்டருக்குச் சற்று மேல்.
அதில் எண்பத்தைந்து சதவீதம்
இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே இறங்கியாக வேண்டும்.
நூற்றுத் தொண்ணூற்றாறு சிலிண்டர்கள்.
நெருப்புக்கு மூச்சு முட்டிவிடும்.

நெருப்பும் நாமும் குடிப்பது ஒரே காற்று.
அதனால் மிச்ச விதியெல்லாம் ஆட்களைப் பற்றியது.
வால்வைத் திறக்க ஒரு பிடி,
வாயுவை விடுவிக்க வேறொரு பிடி.
பெட்டியின் சாவி பக்கத்திலேயே, உடைக்கிற கண்ணாடிக்குப் பின்னால்.
பெட்டிக் கதவைத் திறந்ததுமே மணி அடிக்க வேண்டும்,
எஞ்சின் இரைச்சலை மீறி,
குறைந்தது இருபது நொடி.
கீழ்த்தளத்தில் ஸ்பானரும் கையுமாக
யாரோ ஒருவன் குனிந்திருப்பான்.

அந்த இருபது நொடியை எங்கள் வீட்டுப் படியில் அளந்து பார்த்தேன்.
கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை முப்பத்தொரு படி.
பத்தொன்பதாவதில் நேரம் முடிந்தது.
கருத்து எண் நான்கு: வெளியேற ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டவும்.

கருத்து எண் ஏழு:
சிலிண்டர் அறையின் கதவு உள்நோக்கித் திறக்கிறது.
வெளிநோக்கித் திறக்க வேண்டும்.

திரு. ஹ்வாங் பதில் போட்டார்.
வெளியே குழாய் இடிக்கிறது, நாலே சென்டிமீட்டர்.
இரும்பு வெட்டும் நாள் நெருங்குகிறது.
தயவுசெய்து.
நானும் விட்டுக்கொடுக்கத்தான் இருந்தேன்.

பக்கத்து காட்டேஜ் காவலாளி இன்னாசிமுத்து
ஜனவரிக்குப் பிறகு தன் அறைக் கதவைச் சாத்துவதில்லை.
இரண்டு மங்கி குல்லா, மூன்று கம்பளி, திறந்த கதவு.
தெருநாய் உள்ளே வந்து கால்மாட்டில் படுக்கிறது.

ஐந்து பேர் வந்தார்கள், மூன்று பேர் திரும்பினார்கள்.
பார்பிக்யூ அடுப்பைக் கனலோடு அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள்.
"குளிருதுன்னாங்க. கதவுக்கு அடியில சாக்கை நாந்தான் செருகினேன்."
போலீஸிடம் சொன்னார், பாதிரியாரிடம் சொன்னார்,
என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார்.
எப்போதும் சாக்கோடு நின்றுவிடும்.

அது வேறு வாயு, ஓர் ஆக்சிஜன் அணு குறைவு என்று
ஒருமுறை விளக்கினேன்.
எதற்கு விளக்கினேனோ.

அந்த அறைக்கு மணியில்லை.
வரைபடம் என்று ஒன்று இருந்திருந்தால்
அதன் மூலையில் யார் கையெழுத்து இருந்திருக்கும்?

ஹ்வாங்குக்கு ஒரே வரி எழுதினேன்:
கருத்து ஏழு அப்படியே நிற்கிறது.

ஒன்பது நாள் கழித்து திருத்தம் சி வந்தது.
குழாய் ஒதுங்கியிருந்தது.
கதவு திறக்கும் கால்வட்டம், மெல்லிய கோடு,
அறையை விட்டு வெளியே திரும்பியிருந்தது.
கடிதத்தில் கூடுதலாக ஒரு சொல் இல்லை, கோபம்கூட இல்லை.
முத்திரையிட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் பால் வாங்கப் போகையில் இன்னாசிமுத்து கேட்டார்,
"உங்க கப்பல் கிளம்பிருச்சா?"
"இன்னும் கட்டவே ஆரம்பிக்கலைண்ணே."
குல்லாவைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டு
ஒருமுறை கேட்டது போதாதவர்போல் பார்த்தார்.
"கட்டுறதுக்கு முன்னாடியே
கதவைப் பாத்துருவீங்களா?"

நாய் எழுந்திருக்கவில்லை.
பனி அவர் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது.