நாலு கேள்வி

உட்துறைமுக வீதி, ஐஸ் கம்பனி மேல்மாடி.
திரையில் நாலு புள்ளிகள்.
நிலாவெளி பச்சை, கிண்ணியா பச்சை, புல்மோட்டையும்.
மூதூர் மட்டும் சிவப்பு.

அங்கே றிஸ்மியா
புது ஃபயர்வோல் பெட்டியை மாட்டுகிறாள்.
"லைட் மினுங்குது சேர்."
கட்டளையெல்லாம் இனி மேகத்திலிருந்து வரும் என்கிறேன்.
"பழசை எரிச்சதும் மேகம்தானே,
போன கிழமை, இடியோட."

விதி எழுதுகிறேன்:
யார், எங்கிருந்து, எங்கே, எதற்கு.
விரல் நின்றுவிடுகிறது.
இறங்குதுறையில் அடையாள அட்டையை நீட்டி
இதே நாலு கேள்விக்கு
வெயிலில் நின்றவன் நான்.
ஒருநாள் படகும் போய்விட்டது.

அனுமதி.
அழுத்துகிறேன்.

பச்சை.
மூதூரிலிருந்து வந்த முதல் பொட்டலத்தில்
றிஸ்மியாவின் காலைக் கணக்கு:
பாரை, நூற்றிநாற்பது கிலோ.