காகிதம் என்று நினைத்தேன்

மயிவென் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே
இடுப்பளவு கல்வேலி.
அந்தப் பக்கம் அவள் மரம்.
இந்தப் பக்கம் என் வெங்காயப் பாத்தி.

பத்தொன்பது வருடம் முன்பு
சந்தையில் நான்கு யூரோவுக்கு
ஒரு முரட்டுக் கொட்டை வாங்கி வந்தாள்.
சீனத்து மலையில் வளர்வதாம்,
கைக்குட்டை மரமாம்.
தொட்டியில் புதைத்தாள்.
குளிர்காலம் முழுக்க மண் மண்ணாகவே கிடந்தது.
ஏமாந்தாய் என்றேன்.
இன்னொரு குளிர்காலமும்
தொட்டியைக் கொட்டாமல் வைத்திருந்தாள்.

ரோஸ்கோஃப் காற்று யாரையும் நிமிர விடாது.
மேற்கே பலகை அடித்தாள்.
கோடையில் குளித்த தண்ணீரை வாளியில் சுமந்தாள்.
முழங்கால், தோள், கூரை என்று ஏறியது மரம்;
இலை, இலை, வெறும் இலை.
லிண்டன் மரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை போல.

"எப்போது பூக்கும்?"
வேலிக்கு மேல் நான் போடும் இந்தக் கேள்வி
காலை வணக்கமாகவே ஆகிவிட்டது.
"அதற்கென்ன அவசரம், கூல்வென்."

இந்த மே மாதம் முழங்கால் அறுவைக்கு
மோர்லே போனாள். பத்து நாள்.
பூனைக்குச் சோறு, மரத்துக்கு நீர், சாவி என்னிடம்.
ஒன்பதாம் இரவு பேய்க்காற்று.
மஞ்சள் மூடித் தொட்டிகள் கவிழ்ந்து
தெருவெல்லாம் காகிதம்.
அவள் மரத்தின் உச்சிக் கிளையிலும் ஒன்று
வெள்ளையாய்ச் சிக்கியிருந்தது.

அவள் வரும்போது தோட்டம் சுத்தமாய் இருக்கட்டுமே.
ஏணி வைத்தேன்.
இழுத்தேன்.
கொஞ்சம் அடம்பிடித்தது.

காகிதம் அடம்பிடிக்காது.
அது கையோடு வந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டு மடல், ஒன்று நீளம், ஒன்று குட்டை,
நரம்போடிய ஈர வெண்மை,
நடுவே கருஞ்சிவப்பாய் ஒரு சின்னக் குண்டு.
ஏழாம் படியில் நின்று
கிளை கிளையாய்த் தேடினேன்.
வேறு இல்லை.

வெங்காயம் பின்னும் சணலால்
காம்போடு காம்பைக் கட்டினேன்.
நாற்பது வருடம் பின்னிய விரல்.
முடிச்சு நன்றாக இருந்தது.
பூ நன்றாக இல்லை.

மறுநாள் டாக்சியிலிருந்து இறங்கியவள்
வீட்டுக்குள் போகவில்லை.
ஊன்றுகோலோடு நேரே மரத்தடிக்கு.
அண்ணாந்து நின்றாள், வெகுநேரம்.
அந்தச் சணலைக் கண்டிருப்பாள்.
இந்தத் தெருவில் அப்படி முடிச்சுப் போட
நான் ஒருவன்தான் மிச்சம்.

"பூத்துவிட்டது, கூல்வென்."
"ஆமாம்" என்றேன்.

அடுத்த நாள் காலை
வேலிக்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல்
பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்,
கொட்டும் மழையில்.