ஏழாவது வரி

டோம்பிவிலியில் யாரும் எட்டு மணி என்று சொல்வதில்லை.
7:51 இருக்கிறது, 7:58 இருக்கிறது,
அதை விட்டால் 8:06.
இடைப்பட்ட நிமிஷங்களில் யாரும் குடியிருப்பதில்லை.

நான் 7:51.
பன்னிரண்டு வருஷமாக.
குக்கர் மூன்றாவது விசிலுக்கு மூச்சிழுக்கும்போது
செருப்பில் ஒரு கால்.
நாலாவது விசில் காதில் விழுந்தால்
வண்டி போய்விட்டது என்று அர்த்தம்.

வேலைகளை எழுதிவைப்பேன். டைரியெல்லாம் இல்லை.
கிளெய்ம் பாரங்கள் வரும் காக்கி உறையைக் கிழித்து
உள்பக்கத்தில்,
நாளைக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஏழு வரி.
கரண்ட் பில்.
நாலாசோபாரா ஃபைல்.
மாவு.
கௌதமுக்கு கிராஃப் நோட்டு.
சர்வேயருக்கு போன், கத்தாமல்.
சொசைட்டி மீட்டிங், போனால் போகட்டும்.
ஏழாவதாக: பல்.

பல் என்றால் கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தையது.
தீபாவளி முறுக்கிலிருந்து ஆட்டம்.
முடியாததை மறுநாள் துண்டில் இறக்கி எழுதுவேன்.
மற்றதெல்லாம் வரும், போகும்.
பல் மட்டும் நிரந்தர ஊழியர்.

மார்ச்சில் தலைமை அலுவலகம்
ஒரு பயிற்சியாளரை அனுப்பியது.
பொவாயிலிருந்து காரில் வந்ததால் நாற்பது நிமிஷம் தாமதம்.
நேர மேலாண்மை என்று திரையில் எழுத்து விழுந்தது.
சுரேகா காவ்டே என் தொடையைக் கிள்ளினாள்.

தக்காளி வடிவத்தில் ஒரு கடிகாரத்தை மேஜைமேல் வைத்தார்.
இருபத்தைந்து நிமிஷம் ஒரே வேலை,
பிறகு ஐந்து நிமிஷம் ஓய்வு.
ஓய்வை மேனேஜர் பார்த்தால்? என்றாள் நஃபீஸா.
அவர் சிரித்தார்.
மேனேஜர் சிரிக்கவில்லை.

பெரிய வேலையை முதலில் முடி என்றார்.
இரண்டு நிமிஷ வேலையை உடனே முடி என்றார்.
இரண்டும் முதலில் என்றால் எது முதலில் என்று யோசித்தேன்.
நாக்கு தானாகப் பல்லிடம் போய்
ஓர் உதை கொடுத்துத் திரும்பியது.

தாணே விட்டு தாதர் வருவதற்குள் ஒரு தக்காளி.
அதற்குள் ஒருத்தி அரைக்கிலோ பட்டாணி உரிக்கிறாள்.
பேங்க் பரீட்சைக்காரி ஆறு கணக்கு போடுகிறாள்,
நாலு சரி.
இன்னொருத்தி நின்றபடி தூங்குகிறாள்,
கம்பியைப் பிடித்த கை மட்டும் விழித்திருக்க.

ஜூலையில் குர்லா தாண்டி வண்டி நின்றது.
தண்டவாளம் தெரியவில்லை.
சிவப்பு முக்காலி ஒன்று
எங்களை முந்திக்கொண்டு சயான் பக்கம் மிதந்து போயிற்று.
முதல் அரைமணி நேரம் எல்லோரும் போனில் மன்னிப்பு கேட்டார்கள்.
பிறகு பேட்டரி தீர்ந்தது,
மன்னிப்பும்.

துண்டை எடுத்துப் பார்த்தேன்.
ஏழில் ஒன்றைக்கூட இங்கிருந்து செய்ய முடியாது.
அது சௌகரியமாகத்தான் இருந்தது,
யாரிடமும் சொல்லவில்லை.
பட்டாணிக்காரி வறுத்த கடலை நீட்டினாள்.
பேச்சு சுவாரசியத்தில்
இடப்பக்கம் கடிக்கக் கூடாது என்பது மறந்துபோனது.

கடக்.

உள்ளங்கையில் பார்த்தால்
அரிசிக் கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.
ஒன்பது மாதம் இதையா எழுதினேன்?
ரத்தத்தை விழுங்கிவிட்டுப் பேனா தேடினேன்.
ஏழாவது வரிமேல் இரண்டு கோடு.
தானாக முடிந்த முதல் வேலை.
பட்டாணிக்காரி கைதட்டினாள்,
எதற்கென்று தெரியாமலே இன்னும் நாலு பேர்.
பல்லை அந்தத் துண்டிலேயே மடித்து
பாஸ் உறைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீடு வந்தபோது ராத்திரி 11:40.
அப்படி ஒரு வண்டியே எனக்குத் தெரியாது.

மறுநாள் புதுத் துண்டு.
ஆறு வரி ஓடிவிட்டது.
ஏழு போட்டேன், புள்ளி வைத்தேன்,
அதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுமில்லை.
நாக்கு காலி இடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது.
மெத்தென்று, உப்பாக,
யாரும் வசிக்காத நிமிஷம் மாதிரி.
அப்படியே விட்டிருக்கலாம்.

குக்கர் மூச்சிழுக்கிறது.
செருப்பில் ஒரு கால்.
அதற்குள் கை எழுதிவிட்டது:
7. பல் கட்ட.