தோன்றா எழுவாய்

டார்வின், நவம்பர்.
மழை வருகிறேன் வருகிறேன் என்று
வராமலே சட்டையை நனைக்கிற மாதம்.
பல் வைத்தியரின் மேல்மாடியில் வாடகை வகுப்பறை.
கீழே பல் துளைக்கிற சத்தம்
பாடத்துக்கு நடுவில் படியேறி வரும்.

டிலியிலிருந்து ஒன்பது பேர், ஆறு வாரப் பயிற்சிக்கு.
எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள்.
ஒரே வெள்ளெழுத்துக் கண்ணாடியை
இருவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.
"எங்கள் நாட்டைவிட என் ஒலிப்பதிவுக் கருவிக்கு வயது கூட"
என்று முதல்நாளே சிரிக்க வைத்தான் பிலோமெனு.

என் பங்கு வாக்கியம்.
"பாலத்துக்கான பணம் செலவழிக்கப்பட்டது"
என்று பலகையில் எழுதிவிட்டு
எழுவாய் எங்கே என்று கேட்பேன்.
செலவழித்தவன் யார்? கூட்டி வா,
வாக்கியத்தின் வாசலில் நிறுத்து.
எட்டுப் பேர் நிறுத்தினார்கள்.
டொமிங்காஸ் மட்டும் என் வாக்கியத்தையே
அழகான கையெழுத்தில் திருப்பித் தந்தாள்.
சிவப்பு வட்டம் போட்டு "யார்?" என்றேன்.

மத்தியானம், சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் சொன்னாள்:
பத்தொன்பது வருடம் வானொலியில் இருக்கிறேன்,
யாரென்று தெரியாமலா?
எங்கள் ஊர் அவ்வளவு சிறிது.
ரசீதில் கையெழுத்துப் போட்டவன் என் தங்கையின் கொழுந்தன்.
ஞாயிறு பூசையில் எனக்கு முன்வரிசை.
அவன் தாய் செத்தபோது
பெட்டியின் கால்மாட்டை நான் பிடித்தேன்.
உங்கள் கையேட்டில் இதற்கு எந்தப் பக்கம்?

பக்கம் இல்லை.
கையேட்டை எழுதியவள் நான்தான்.

உங்கள் ஊரில் எப்படி எழுதினீர்கள் என்றாள்.

பதினொரு வருடம் யாழ்ப்பாணத்தில்
இரவுப் பக்கம் பார்த்தேன்.
அச்சுக்கோப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கோக்கிற
ஒரு சொல் எங்களிடம் இருந்தது.
இனந்தெரியாதோர்.
இனந்தெரியாதோர் வந்தனர். இனந்தெரியாதோர் சுட்டனர்.
இனந்தெரியாதோர் சைக்கிளில் திரும்பிச் சென்றனர்.
அது யாருடைய சைக்கிள் என்று
சந்தியில் வெற்றிலை விற்றவளுக்கும் தெரியும்.
எழுவாய் இருந்தது, டொமிங்காஸ்,
முகம்தான் இல்லை.

எழுதிக் காட்டச் சொன்னாள்.
பாலத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதினேன்.
சுழிகளை எண்ணிப் பார்த்து, இவ்வளவு நீளமா என்றாள்.
ஒரு ஆளை ஒளிக்க அவ்வளவு நீளம் வேண்டும்.

பள்ளிக்கூட இலக்கணத்திலிருந்து இன்னொன்றும் சொன்னேன்.
எழுவாய் கண்ணில் படாவிட்டால்
இல்லை என்று சொல்வதில்லை எங்கள் பண்டிதர்கள்,
தோன்றா எழுவாய் என்பார்கள்.
'வந்தான்' என்றாலே போதும்,
வினையின் வாலைப் பிடித்தபடி ஆள் உள்ளே நிற்கிறான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சோற்றைத் திறந்தாள்.

கடைசி வாரம் அவள் தந்த கட்டுரையில்
கொழுந்தனின் பெயர் இல்லை.
பாலத்தடிக்கு வந்த சீமெந்து மூட்டை எத்தனை,
வராதது எத்தனை, லொறியின் இலக்கம்,
எந்தத் தெருவில் எந்த வீட்டு மதில்
அதே மாதம் ஆளுயரம் எழுந்தது.
அவ்வளவுதான்.
மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் தமிழில் இரண்டு சொல் எழுதி வைத்தேன்.

அவர்களை விமானமேற்றிவிட்டு வந்த இரவு மழை பிடித்தது.
நைட்கிளிஃப் வீட்டுத் தகரம் அதிர அதிர
பழைய குறிப்பேட்டை எடுத்தேன்.
தொண்ணூற்றெட்டு மாசி, ஒரு வெள்ளிக்கிழமை.
அந்த நீளச் சொல்லை ஒரே கோட்டில் வெட்டினேன்.
மேலே இடம் தாராளமாக இருந்தது.

சைக்கிள்காரன் இப்போது மெல்பேர்ணில்.
தைப்பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான்,
பிள்ளைகளின் படத்தோடு.

முதல் எழுத்தைப் போட்டேன்.
அதற்குமேல்
எங்கள் ஊரும் சிறிது.