பன்னிரண்டாவது வட்டம்

தடை உத்தரவு முதலில் என் கடைக்குத்தான் வந்தது.
சங்கத்துப் பையன் நீட்டினான்:
"அண்ணே, மூணு காப்பி. யாரும் பாக்கக் கூடாதாம்."
பார்க்காமல் எப்படி நகல் எடுப்பது?
பச்சை வெளிச்சம் மூன்றாம் முறை ஓடுவதற்குள்
படித்து முடித்திருந்தேன்:
வில்வநாதன், சட்டை எண் ஐந்து,
நடுவரை நோக்கி மட்டையை வீசியமைக்காக
மூன்று ஆட்டங்கள்.

ஒருவரிடமும் சொல்லவில்லை.
பக்கிரியிடம் மட்டும் சொன்னேன்.
செம்மண்டலம் சிக்னல் மாறுவதற்குள்
திருப்பாதிரிப்புலியூர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் கடை வாசலில் நிற்க இடமில்லை,
நகல் எடுக்க வந்தவர் ஒருவருமில்லை.
"வீசவே இல்லப்பா, கை வழுக்கிடுச்சு.
அன்னைக்கு என்னா மழை!" என்றார் நசுருதீன் பாய்.
மழை பெய்தது நெல்லிக்குப்பத்தில்.
மஞ்சக்குப்பம் மைதானத்தில்
புழுதிதான் பறந்தது. நானும் இருந்தேன்.
"சரி, மட்டைக்கு ஒன்னு,
பேசின பேச்சுக்கு ஒன்னு.
மூணாவது எதுக்கு?"
"மூணாவது நம்மள மாதிரி ஆளுங்க
கத்தினதுக்கு," என்றான் பக்கிரி.
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
இயந்திரத்தின் விசிறி மட்டும் பேசியது.

விளையாட்டு விழாச் சான்றிதழ்களோடு வந்த
மங்கையர்க்கரசி டீச்சர்
பாழான தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு
பதினோரு வட்டம் வரைந்தார்.
"அவன் போனா ஒருத்தன் போகல.
ரொசாரியோ நடுவுக்கு வரணும்,
அவன் விட்ட இடதுபக்கத்துக்கு முகிலரசன்."
"முகிலனா? சிப்காட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு
தூங்கிக்கிட்டே ஓடுவான்!"
"தூங்கிக்கிட்டு ஓடினாலும்
உன்னைவிட முன்னால போவான்."
"அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர்,
பெனால்டி கார்னர் யார் அடிக்கிறது?"

தாள் கைமாறியது.
அம்புக்குறிகள் முளைத்தன, அடிபட்டன,
ரைட் ஹாஃப் மீது தேநீர் சிந்தியது.
ஷட்டர் இழுக்கும்போது எண்ணிப் பார்த்தேன்.
பன்னிரண்டு வட்டம்.
நட்ட நடுவில், யாரும் பார்க்காதபோது,
யாரோ ஓர் ஐந்தை வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள்.
பாயின் கையெழுத்தில் ஐந்தின் வயிறு
அப்படித்தான் தொங்கும்.

வெள்ளிக்கிழமை இரவு ஹெல்மெட்டைக் கழற்றாமலே
அவன் வந்தான்.
கையால் எழுதிய கடிதம், ஒரு பக்கம்.
"ஒன்னு போதும்ணே."
இந்த முறை நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டேன்.
அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளைப் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
பிறகு கண்ணாடியைத் தூக்கி
என் பேனாவால் தன்னை அடித்தான்,
ஒரே கோடு.
முகிலரசன் வட்டத்தின் பக்கத்தில்
ஒரு சொல் எழுதினான்: தரையோடு.
இரண்டு ரூபாய் வைத்தான். போய்விட்டான்.

காலையில் மூடியைத் திறந்தால்
அசல் கடிதம் உள்ளேயே கிடக்கிறது.
நகலை மட்டும் எடுத்துப் போயிருக்கிறான்.
இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்,
ஆதார், பத்திரம், மார்க் ஷீட்,
என் மேசை இழுப்பறை நிறைய அசல்கள்.

வட்டங்கள் இருந்த தாளை நகலெடுத்து
டீச்சரிடம் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அரையிறுதியில் முகிலன் கார்னரைத் தரையோடு தள்ளினான்,
கோலியின் கால் காப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில்
ஒரு பந்தளவு இடம், அதில் போனது.
ஆனாலும் தோற்றோம், இரண்டுக்கு ஒன்று.
கேலரியின் கடைசிப் படியில்
ஹெல்மெட்டோடு ஒருவன் உட்கார்ந்திருந்ததாகப் பக்கிரி சொல்கிறான்.
பக்கிரி நிறைய சொல்வான்.

இன்றும் சாயங்காலம் கூடியாயிற்று.
அவன் இருந்திருந்தால் இரண்டு கோல்,
அவன் இருந்திருந்தால் மூன்று.
"மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா
விட்டிருப்பாங்க," என்கிறார் பாய்,
"திமிரு. அவன் எங்க எழுதப் போறான்?"

இழுப்பறையில் என் முழங்கை இடிக்கிறது.
இதைப் பக்கிரியிடமும் சொல்லவில்லை.
"மூணாவது எதுக்குன்னுதான்
இன்னும் எனக்குப் புரியல,"
மறுபடி ஆரம்பிக்கிறார் பாய்.