குடும்பப் பெயர்

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது.
குடும்பப் பெயர்?

அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை
என்று எழுத அங்கே இடமில்லை.
ரேஷன் கார்டில் குடும்பம் இருக்கிறது,
பெயர் தலைக்கு ஒன்று.
கடைசியில் அப்பாவைத் தூக்கி அங்கே வைத்தேன்.
பள்ளிக்கூடத்திலிருந்து என் பெயருக்கு முன்னால்
ஒரு புள்ளியோடு ஒடுங்கிக் கிடந்த 'உ'
உத்திராபதி என்று முழுசாக நிமிர்ந்து
எனக்குப் பின்னால் வந்து நின்றது.

தையல்நாயகி உத்திராபதி.
யாரோ போல இருந்தது.

தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில்
கன்சல்டன்சிக்காரர் கேட்டார்:
"திருத்துறைப்பூண்டி பக்கமா? கஜா அடிச்சுதுல்ல?
அதை எழுதுங்கம்மா. புயல்னா படிப்பாங்க."
எழுதினேன்.
ஓடு பறந்தது, தென்னை சாய்ந்தது, பதினோரு நாள் இருட்டு,
எல்லாம் எண்ணூறு எழுத்துக்குள் அடங்கிவிட்டது.
அடங்கியதுதான் பிடிக்கவில்லை.
அழித்துவிட்டு
எங்கள் கொல்லைக் கிணற்றின் உப்பை எழுதினேன்.
சித்திரையில் எவ்வளவு, ஐப்பசியில் எவ்வளவு,
காலேஜ் மீட்டரை இரவல் வாங்கி
இரண்டு வருஷம் அளந்த கணக்கு.
அவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஆங்கிலப் பரீட்சை திருச்சியில்.
உங்களுக்குப் பிடித்த ஓர் ஆற்றைப் பற்றி
இரண்டு நிமிடம் பேசவும்.
ஆறு எப்போதும் இருக்கும், தண்ணீர் வந்துவிட்டதா என்று
போன் போட்டு மேற்கே கேட்போம் என்றேன்.
கடைமடை என்ற சொல் வந்து குறுக்கே நின்றது.
வால், நுனி, முடிவு
என்று எதையெதையோ வைத்துப் பார்த்தேன்.
அந்த அம்மாள் கடிகாரம் பார்த்தாள்.

ஆறரை வந்தது.
ஆறரைக்குக் கீழே போயிருந்தால் சேர்க்க மாட்டார்கள்.

அதே வாரம் கொள்முதல் நிலையத்தில்
அப்பாவின் நெல்லை அள்ளி மீட்டரில் போட்டார்கள்.
பதினெட்டு புள்ளி நாலு.
பதினேழுக்கு மேலே போனால் எடுக்க மாட்டார்கள்.
காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.
வானம் மூட்டம் போட்டிருந்தது.

எழுபத்தைந்து பவுண்டு கட்டணும் என்றேன்.
அம்மாவுக்குப் பவுன் என்று காதில் விழுந்தது.
சிரித்தோம், அவளும் சிரித்தாள்,
கழுத்தைத் தொட்ட கையை எடுக்க
கொஞ்சம் நேரமானது.

வெளிநாட்டுக்குப் பணம் போகிற கார்டு
எங்கள் பக்கத்தில் ஒருவரிடம்தான்,
மருந்துக்கடை ரவூப் அண்ணன்.
நான் கட்டிய நேரம் வெள்ளிக்கிழமைத் தொழுகை.
மூன்று நிமிடமே உயிருள்ள ஓ.டி.பி.
அவர் சட்டைப்பையில் இரண்டு முறை பிறந்து
இரண்டு முறை செத்தது.
மூன்றாவதை
செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து சொன்னார்.

கடைசி நாள், அவர்கள் ஊர் நள்ளிரவுவரை.
எங்களுக்கு அது விடிகாலை ஐந்தரை.
நாலு ஐம்பதுக்கு, கரண்ட் இருக்கும்போதே,
அனுப்பு என்பதை அமுக்கினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு வட்டம் சுற்றியது. பிறகு பச்சையாக ஒரு டிக்.

பிளாஸ்கில் டீயோடு போனபோது
அப்பா நெல் குவியலின் ஓரம்
சாக்கில் சுருண்டு விழித்திருந்தார்.
தார்ப்பாய்க் குழியில் ராத்திரி மழை.
ஆளுக்கொரு மூலை பிடித்துக் கவிழ்த்தோம்.
போன் அதிர்ந்தது. வாசித்தேன்:
அன்புள்ள உத்திராபதி அவர்களுக்கு.

"எனக்கா போட்டிருக்கான்?"

எழுந்து உட்கார்ந்து வேட்டியில் கை துடைத்தார்.
போனை வாங்கி
தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவ
திரை எங்கோ நகர்ந்து போயிற்று.
பயந்து என்னிடமே கொடுத்தார்.

"என்ன சொல்றான்?"
"வந்து சேர்ந்துச்சாம். எட்டு வாரம் ஆகுமாம்."

குவியலைப் பார்த்தார். மேலே பார்த்தார்.
"டோக்கன் நம்பர் குடுத்தானா?"
"குடுத்திருக்கான். ஒன்பது இலக்கம்."
"எழுதி வச்சுக்க," என்றார்,
சட்டைப்பையில்
நனைந்து ஒட்டிய தன் சீட்டை
பிரித்துப் பார்த்தபடி.